கண்மாயில் சிவப்புக் குஞ்சுக் கூட்டம்: கட்லாவா, விராலா?

சோழவந்தான் பக்கத்து வாசகர் ஒருவர், 2024 அக்டோபர் 24:

"எங்கள் கண்மாயில் கட்லா முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டது. செங்கல் நிறத்தில், ஒரு கூடையைக் கவிழ்த்த அகலத்துக்குக் குஞ்சுகள் கூட்டமாகத் திரிகின்றன. அடியில் ஒன்றரை முழத்தில் ஒரு பெரிய மீன் கூடவே போகிறது. போன வருடம் குத்தகைக்காரர் விட்ட கட்லாதான் தாயாகிவிட்டது என்கிறார் அப்பா. அப்படியானால் இனிமேல் காசு கொடுத்துக் குஞ்சு வாங்கி விட வேண்டியதில்லை, சரிதானே?"

2024 அக்டோபர் 26

சரியில்லை தம்பி. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் கெண்டை சாதி, கண்மாயில் நன்றாக வளரும். சினை பிடிக்கும், வயிறும் உப்பும். ஆனால் தேங்கிய தண்ணீரில் முட்டை விடாது. அதற்கு மழைக்காலத்து ஆற்று வெள்ளம் வேண்டும். வெள்ளம் வராத வருடம் சினை உள்ளேயே கரைந்து உடம்போடு போய்விடும். அப்படியே முட்டை விட்டாலும் பெற்றது திரும்பிப் பார்க்காது, கொட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். குஞ்சோடு பெரிய மீன் ஒன்று கூடவே திரிகிறது என்றாலே கெண்டை சாதியைக் கணக்கிலிருந்து எடுத்துவிடலாம்.

அது விரால். குஞ்சு சிவப்பு, உருண்டையாகக் கூட்டம், அடியில் காவலுக்கு ஒன்றோ இரண்டோ பெரிசு. வேறு யோசனையே வேண்டாம்.

குஞ்சு வாங்கும் செலவு மிச்சம் என்று குத்தகைக்காரரிடம் போய்ச் சொல்லிவிடாதீர்கள். இந்தச் சிவப்புக் கூட்டம் வளர்ந்தால் முதலில் தின்னப்போவது அவர் விடுகிற கட்லாக் குஞ்சைத்தான்.

அதே நாள், ராத்திரி

காலையில் அவசரப்பட்டு எழுதிவிட்டேன். கெண்டை எதுவும் தேங்கிய தண்ணீரில் முட்டை விடாது என்பதுபோல ஆகிவிட்டது. சாதாக்கெண்டை விடும். கரையோரப் புல்லிலும் பாசியிலும் ஒட்டுகிற முட்டை. நாலைந்து சேர்ந்து விடிகாலையில் புல்லுக்குள் முதுகு தெரியப் புரளும். தூரத்திலிருந்து கேட்டால் எருமை இறங்கிவிட்டதோ என்று தோன்றும். மேல்வாய் ஓரத்தில் இரண்டு ஜோடி மீசை, முதுகில் நீளமான துடுப்பு இருந்தால் சாதாக்கெண்டை. கட்லாவுக்கு மீசை கிடையாது, தலை பெரிது, வாய் வானத்தைப் பார்த்தபடி இருக்கும்.

ஆனால் சாதாக்கெண்டையும் காவல் இருக்காது. அதனால் தம்பிக்குச் சொன்ன பதில் மாறவில்லை. அது விரால்தான்.

2024 அக்டோபர் 27

"நீங்கள் மீன்வளம் படித்தவரா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. மேலூர்ப் பக்கம் மோட்டார் காயில் கட்டுகிறவன். கரண்ட் இல்லாத நேரமெல்லாம் கண்மாய்க்கரைதான். சின்ன வயதில் பிடித்தேன், இப்போது பார்க்கிறேன். பார்ப்பதற்குக் காசும் வேண்டாம், வீட்டில் யாரும் செதில் எடுக்கவும் வேண்டாம்.

முந்தாநாள் மதுரையில் கொட்டிய மழையில் செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. எங்கள் பக்கம் அவ்வளவு இல்லை. ஆனாலும் வரத்துக்கால் ஓடுகிறது, ஏற்கெனவே பெரியாற்றுக் கால்வாய்த் தண்ணீரும் கிடக்கிறது. யோசித்தால் வேடிக்கைதான். மேற்கே கேரளாவுக்குப் போகவேண்டிய ஆற்றை 1895இல் அணை கட்டி, மலையைக் குடைந்து இந்தப் பக்கம் திருப்பினார்கள். அந்தத் தண்ணீர்தான் வைகை அணை வந்து, கால்வாய் ஏறி, எங்கள் ஊர் மடையில் எட்டிப் பார்க்கிறது. கூடவே என்னென்ன மீன் ஏறி வந்ததோ, எது எந்த ஊர்க்காரன் என்று எப்படிச் சொல்வது.

2024 நவம்பர் 2

பார்த்துவிட்டேன். மிச்சத் தண்ணீர் வழிகிற கலுங்கிலிருந்து தள்ளி, உள்வாயில் முழங்கால் ஆழத்தில் அல்லி அடர்ந்த இடம். நடுவில் ஒரு தாம்பாளம் அகலத்துக்கு மட்டும் கொடியெல்லாம் ஒதுக்கி வெறும் தண்ணீர். யாரோ கையால் விலக்கிய மாதிரி இருந்தது. அதில் மஞ்சளாக மணி மணியாக முட்டை மிதக்கிறது. விரால் முட்டைக்குள் எண்ணெய்ச் சொட்டு இருப்பதால் அடியில் போகாது, மேலேயே நிற்கும். குழம்பில் மிதக்கிற எண்ணெய்த் துளியைக் கொஞ்சம் கெட்டியாக நினைத்துக்கொள்ளுங்கள்.

பெரிசு இரண்டும் அடியில்தான் இருந்திருக்க வேண்டும். எனக்கு ஒன்றின் நெற்றி மட்டும் தெரிந்தது.

எப்படிப் பார்ப்பது என்று கேட்டவர்களுக்கு: காலை ஆறரையிலிருந்து எட்டு. வெயில் முதுகுப் பக்கம் இருக்கட்டும், நிழல் மட்டும் தண்ணீரில் விழக் கூடாது. நின்றால் மீனுக்குத் தெரியும்; உட்காருங்கள், முடிந்தால் கரைச் சரிவில் படுங்கள். கூசலை வெட்டுகிற போலராய்டு கண்ணாடி போட்டால் தண்ணீரின் மேற்பளபளப்பு போய் அடி தெரியும். என்னுடையது பழைய மீனாட்சி பஜாரில் வாங்கியது. அது போலராய்டுதானா என்றே எனக்குச் சந்தேகம். இருந்தாலும் வேலை செய்கிறது.

இன்னொன்று. விராலுக்குச் செவுள் மட்டும் போதாது, மேலே வந்து காற்று வாங்கியே ஆக வேண்டும். அதனால் முழு மீனும் தெரியவில்லை என்று கவலைப்படாதீர்கள். "ப்ளக்" என்று ஒரு சத்தம், ஒரு வளையம். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அந்த வளையம் வந்தால் அங்கே ஏதோ குடும்ப விஷயம் நடக்கிறது. சும்மா திரிகிற விரால் ஒரே இடத்தில் மூச்சு வாங்காது.

2024 நவம்பர் 4

முட்டை காணோம். ஒன்று, ஒன்றரை நாளில் பொரிந்துவிடும் என்பது தெரிந்தும் ஒரு நிமிடம் திக்கென்றது. குனிந்து பார்த்தால் ஊசிமுனை மாதிரி கருத்த பொடிசுகள் அதே வட்டத்துக்குள். சிவப்பு இன்னும் வரவில்லை.

2024 நவம்பர் 10

சிவப்பு வந்துவிட்டது. மிளகாய்ப்பொடியைத் தண்ணீரில் தூவிய நிறம். கூட்டம் மொத்தமாக ஏறி, மொத்தமாக இறங்குகிறது. ஏறும்போது மேற்பரப்பில் தூறல் விழுகிற மாதிரிப் பொட்டுப் பொட்டாக வருகிறது. இந்தத் தூறல் மேகம் இல்லாத நேரத்திலும் விழும், அதுதான் அடையாளம்.

இன்று பெரிசு பக்கவாட்டில் திரும்பியது. ஒன்றரை முழம் இருக்கும். உடம்பில் கறுப்புத் திட்டு வரிசை. வாலடியில் ஒரு புள்ளி பளிச்சென்று தெரிந்த மாதிரி இருந்தது. ஆக, இது சாதா விரால் இல்லை, பூவிரால் என்று நினைக்கிறேன். பூவிரால்தான் சாதாரணமாக இந்த நீளத்துக்குப் போகும், ஒரு மீட்டரையும் தாண்டும். வால் தொடங்கும் இடத்தில் கண் மாதிரி ஒரு வட்டப் புள்ளி, உடம்புத் திட்டுகளின் மேல் வெள்ளைப் பொட்டு தெளித்த மாதிரி இருக்கும். சாதா விராலுக்குப் பக்கவாட்டில் அம்புக்குறி மடக்கிய மாதிரிப் பட்டைகள், வயிறு வெள்ளை. இன்னொரு சொந்தக்காரன் குறவை, அது ஒரு சாண்தான், அதைக் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை.

தம்பியின் மீனும் ஒன்றரை முழம் என்றுதானே எழுதியிருந்தார். அதுவும் பூவிராலாக இருக்கலாம். 26ஆம் தேதி "வேறு யோசனையே வேண்டாம்" என்றது என் வாய்க்கொழுப்பு.

2024 நவம்பர் 12

பூவிரால் ஆழமான ஆற்றையும் அணையையும் விரும்புகிற மீன், முழங்கால் தண்ணீர் கண்மாயில் என்ன வேலை என்று ஒருவர் மடக்கியிருக்கிறார். நியாயம்தான். கால்வாயில் வந்திருக்கலாம் என்று சொல்லித் தப்பிக்கிறேன்.

வேறொருவர் மீனாட்சி கதையை எடுத்திருக்கிறார். மீன் முட்டையை அடைகாக்காமல் பார்வையாலேயே பொரிக்குமாம்; அதுபோல அம்மன் கண்ணாலேயே உலகைக் காப்பதால் கயற்கண்ணி. எங்கள் அப்பத்தா சொல்லும். எட்டாவதில் விலங்கியல் படித்த திமிரில், "அதெல்லாம் தானா பொரியும்" என்று நான் சொன்னதற்கு முதுகில் ஒன்று வைத்தது.

தானாகத்தான் பொரிகிறது. அதில் மாற்றமில்லை. ஆனால் ஒன்பது நாளாக இந்தப் பெரிசைப் பார்த்த பிறகு, இந்தக் கதையைக் கட்டியவன் கரையில் உட்கார்ந்து விராலைப் பார்த்த ஆள்தான் என்று தோன்றுகிறது. குஞ்சுக்கு ஒரு சாண் கீழே அசையாமல் நிற்கிறது, மேலே பார்த்தபடி. நீர்க்காகம் ஒன்று பக்கத்தில் முங்கியதும் ஒரு சுழற்று, சேறு கிளம்பிவிட்டது. காகம் அந்தப் பக்கமே வரவில்லை. கயல் என்பது கெண்டை, கெண்டை காவலே இருக்காது என்று சண்டைக்கு வராதீர்கள், அதுவும் எனக்குத் தெரியும்.

பொற்றாமரைக் குளத்தில் மட்டும் மீனே கிடையாது என்பது தனிக்கதை. நாரை கேட்ட வரம். மீன்கண்ணி கோயில் குளத்தில் மீன் இல்லை.

2024 நவம்பர் 13

கட்லா தேங்கிய தண்ணீரில் முட்டை விடாது என்றால் கடையில் விற்கிற குஞ்சு எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு: ஊசி. முன்பெல்லாம் வங்காளப் பக்க ஆறுகளில் வெள்ளக் காலத்தில் முட்டையையும் பொடிக்குஞ்சையும் வலையில் அள்ளிக் கொண்டுவருவார்கள். எதோடு எது கலந்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குலில் ஹீராலால் சவுத்ரி என்ற விஞ்ஞானி, ஒரு மீனின் மூளைக்கடியில் இருக்கிற பிட்யூட்டரி சுரப்பியை எடுத்து, சாறாக்கி, சினை மீனுக்கு ஊசி போட்டு முட்டையிட வைத்தார். வெள்ளம் செய்கிற வேலையை ஊசி செய்துவிட்டது. அந்த ஜூலை 10ஐத்தான் தேசிய மீன் வளர்ப்போர் தினம் என்று கொண்டாடுகிறார்கள். உங்கள் குத்தகைக்காரர் பிளாஸ்டிக் பையில் ஆக்சிஜன் அடைத்து வாங்கி வருகிறாரே, அந்தக் குஞ்சுக்கெல்லாம் சவுத்ரிதான் தாத்தா.

2024 நவம்பர் 16

நேரில் பார்க்க வேண்டும், இடம் சொல்லுங்கள் என்று ஐந்தாறு பேர் கேட்டுவிட்டீர்கள். மூன்றாவது மடையிலிருந்து வடக்கே, ஒற்றைப் பனைக்கு நேரே, அல்லிக்கொடி. ஊர்ப் பெயர் கேட்டவர்களுக்குத் தனியே சொல்லியிருக்கிறேன். சத்தம் போடாமல் பார்த்துவிட்டு வாருங்கள்.

2024 நவம்பர் 23

மேலே எழுதிய இடத்தை அழித்துவிடலாம் என்று பார்த்தேன். இனி அழித்து என்ன பயன், கிடக்கட்டும்.

இன்று காலை பெரிசு இல்லை. குஞ்சுக் கூட்டம் மட்டும் அலைகிறது. உருண்டை இல்லை, நாலா பக்கமும் சிதறி, நீளமாக இழுத்துக்கொண்டு. முக்கால் மணி நேரம் உட்கார்ந்தேன். ஒரு "ப்ளக்" கூட வரவில்லை. பனைமரத்தடியில் தூண்டில் நரம்புத் துண்டும், தூண்டிலுக்கு வைத்துத் தவறிய தவளை ஒன்றும் கிடந்தன.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். காவல் காக்கிற விராலைப் பிடிப்பது மாதிரி லேசான வேலை உலகத்தில் இல்லை. பசிக்காவிட்டாலும் கடிக்கும். குஞ்சுக்கு மேலே தவளையை ஆட்டினால் போதும், துரத்தத்தான் வாயைத் திறக்கும், தின்ன இல்லை. சின்ன வயதில் நானும் அப்படிப் பிடித்திருக்கிறேன். அதில் சாமர்த்தியம் என்று ஒன்றும் இல்லை.

2024 நவம்பர் 24

யார் என்று கண்டுபிடிக்கச் சொல்கிறீர்கள். எதற்கு? இடம் சொன்னது நான். ஊர்ப் பெயர் கேட்டவர்களில் ஒருவராகத்தான் இருக்கும், அல்லது அவருக்குத் தெரிந்த இன்னொருவர். சட்டப்படி அது அவர் குத்தகையும் இல்லை, என் வீட்டு மீனும் இல்லை.

கூட்டம் நேற்றைக்கு இருந்ததில் பாதிகூட இல்லை. மீன்கொத்தி இரண்டு பனையிலேயே குடியிருக்கின்றன. கொக்கு கரையில். அடியில் என்ன தின்கிறதோ.

2024 நவம்பர் 25

ஒரு படம் சுற்றி வந்து எனக்கும் வந்துவிட்டது. இரண்டு மீன், கோணிப்பையில் பக்கத்தில் பக்கத்தில். ஆள் முகம் இல்லை, செருப்புக் கால் மட்டும்.

இரண்டும் சாதா விரால். அம்புக்குறிப் பட்டை துல்லியமாகத் தெரிகிறது, வயிறு வெள்ளை, வாலடியில் ஒரு புள்ளியும் இல்லை. பெரியது அந்தச் செருப்பின் இரண்டு நீளத்துக்கும் குறைவு. அப்படியானால் ஒரு முழம், கூடப்போனால் இரண்டு விரல் அதிகம். நான் பார்த்த ஒன்றரை முழமும் புள்ளியும் தண்ணீரும் ஆசையும் சேர்ந்து காட்டியவை. 10ஆம் தேதி எழுதியதை வாபஸ் வாங்குகிறேன், 26ஆம் தேதி எழுதியது சரி. பூவிரால் அணையில் இருக்கிற மீன் என்று மடக்கியவரும் சரி.

சந்தேகம் இப்படித் தீர்ந்திருக்க வேண்டாம்.

2024 நவம்பர் 29

வெளியே எடுக்காமல் விராலா பூவிராலா என்று சொல்ல முடியாதா என்று கேட்கிறீர்கள். முடியும், ஆனால் என்னைப் போல ஒரே ஒரு தடவை திரும்பியதை வைத்துச் சொல்லக் கூடாது. புள்ளியைத் தேடினால் புள்ளி தெரியும். பட்டை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நீளத்துக்குப் பக்கத்தில் ஏதாவது அளவு வேண்டும். அல்லி இலை ஒரு சாண் என்றால் மீன் எத்தனை இலை? இப்போது அதைத்தான் செய்கிறேன். தண்ணீருக்குள் இருக்கிற மீன் மேலெழும்பித் தெரியும், கிட்டத்தில் இருப்பதாகக் காட்டும், கூட்டித்தான் சொல்லுவோம். தூண்டில்காரன் பொய் சொல்கிறான் என்று இத்தனை நாள் நினைத்தேன்.

2024 டிசம்பர் 14

மறுகால் பாய்கிறது. கலுங்கில் ஊரே நிற்கிறது. கீழே ஓடையிலிருந்து கெண்டைப் பொடிசுகள் கல்லில் துள்ளித் துள்ளி மேலே ஏறுகின்றன. நேற்று ராத்திரி டார்ச் அடித்ததில் ஒரு வாளை. வாய் கிழிந்து கண்ணையும் தாண்டிப் போயிருந்தது, முன்மீசை இரண்டும் நீளம், முதுகில் துடுப்பு என்று பெயருக்கு ஒரு துணுக்கு. வயிற்றுக்கடியில் வால்வரை ஒரே துடுப்பு, சேலைக் கொசுவம் மாதிரி ஆடுகிறது. இதுவும் புது வெள்ளத்தில்தான் முட்டை விடும், விட்டுவிட்டுப் போய்விடும்.

மார்க்கெட்டில் வாளை கிலோ என்ன விலை என்று கேட்டவருக்கு: நீங்கள் கேட்பது கடல்வாளை, வெள்ளி பெல்ட் மாதிரி இருக்குமே, அது. இது வேறு. பெயர் மட்டும் ஒன்று.

விலாங்கு முட்டை எங்கே கிடைக்கும் என்றும் ஒரு கேள்வி. கிடைக்காது. விலாங்கு வளர்வது ஆற்றில், முட்டை விடப் போவது கடலுக்கு. வைகையில் நீங்கள் எவ்வளவு தேடினாலும் அதன் பிரசவம் பார்க்க முடியாது.

2025 ஜனவரி 5

அந்தக் கூட்டத்தில் மிஞ்சியவை என்று நம்புகிற ஐந்தாறு, விரல் நீளத்துக்கு, இப்போது சிவப்பு போய்ச் சேற்று நிறம். தனித்தனியாகத் திரிகின்றன. வேறு ஜோடியின் குஞ்சாகவும் இருக்கலாம். எனக்கு வேண்டியபடி நினைத்துக்கொள்கிறேன் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

2025 மார்ச் 19

தண்ணீர் வற்றிவிட்டது. கரையோரச் சேற்றில் தட்டுத் தட்டாகக் குழி. யானை கால் வைத்ததா என்று படம் அனுப்பியவருக்கு: ஜிலேபி மீன். ஆண் மீன் வாயாலும் உடம்பாலும் தோண்டுகிற குழி. அந்த நேரம் ஆணைப் பார்த்தால் உடம்பு கன்னங்கரேல், தாடை மட்டும் வெள்ளை; சாதாரண நாளில் பார்த்த அதே மீன் என்று சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டீர்கள். பெண் வந்து முட்டையிட்டு, தானே வாயில் அள்ளிக்கொண்டு போய்விடும். பொரிந்து நீந்தும் வரை வாய்க்குள்தான். 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள், இப்போது அது இல்லாத கண்மாயைக் காட்டுங்கள் பார்ப்போம்.

2025 ஏப்ரல் 27

எங்கள் கண்மாய் அழிந்தது; தண்ணீர் வற்றியதும் ஊரே இறங்கி மீன் பிடிப்பதைத்தான் அப்படிச் சொல்வோம். ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசினதும் ஊத்தா, கச்சா, கூடை, கிழிந்த கொசுவலை என்று ஆயிரம் பேர் இறங்கினார்கள். நானும் இறங்கினேன். யாரும் திட்ட வேண்டாம், வற்றுகிற தண்ணீரில் இருக்கிறது எப்படியும் போகும். மூன்று ஜிலேபி, ஒரு கெளுத்தி, காலில் ஒரு முள்.

சோழவந்தான் தம்பியும் அவர்கள் ஊர்க் கண்மாயில் இறங்கியிருக்கிறார். ஊத்தாவில் கைநிறைய ஒரு விரால் மாட்டியதாம், அக்டோபரில் பார்த்த அந்தத் தாயேதான் என்கிறார். உடனே போன் போட்டேன். பட்டை இருந்ததா, வாலடியில் புள்ளி இருந்ததா, சரியாகப் பார்த்துச் சொல்லுங்கள் என்றேன். போனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"தெரியலண்ணே. அம்மா புளி ஊத்திட்டாங்க."